எண்களில் அழுத நடிகர்

அல்பிரட் அழவேண்டி வந்தால் எண்ணுவார். சிறைக்காவலரின் காலைப் பிடித்துக் கெஞ்சியபோது ஏழு வரை எண்ணினார். மகனைப் பறிகொடுத்த தகப்பனாக வந்தபோது முப்பத்தாறு வரை போனார். நூற்றுப் பதினான்கு தெலுங்குப் படங்களில் அவருடைய முகம் இருக்கிறது. சுடலைக் காவலாளி, நீதிமன்றச் சேவகர், வயலை அடகு வைத்து வட்டிக்காரன் வாசலில் கைகட்டி நிற்கிற கமக்காரர், கதாநாயகன் கையால் மூன்றாவதாக அடிவாங்கி மாட்டுத்தொட்டிக்குள் விழுகிற அடியாள். ஒன்றில்கூட அவருடைய குரல் இல்லை.

அங்கே அது ஒரு தொழில் வழக்கம். பாஷை தெரியாத நடிகருக்கு வசனத்தைப் பாடமாக்கி நேரத்தைக் கரைக்கமாட்டார்கள். “எண்ணிக்கொண்டு போ” என்று விட்டுவிடுவார்கள். உதடு அசைந்தால் போதும், கண்ணில் நீர் வந்தால் இன்னும் நல்லது. பிறகு குரல் கொடுப்பவர் ஒருவர் ஒலிப்பதிவு அறையில் நின்று, அந்த உதட்டின்மேல் வசனத்தை ஏற்றிவிடுவார்.

இதில் ஒரேயொரு கோளாறு. அல்பிரட்டுக்குத் தெலுங்கு தெரியும். அதுதான் அவருடைய தாய்மொழி.

இலங்கையின் கிழக்குக் கரையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற மக்கள் இருக்கிறார்கள் என்பது திருகோணமலை நகரத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு பாஷையாக மதிப்பதில்லை. “குறவற்ற கதை”, குறவர் பேச்சு, என்று உதட்டைப் பிதுக்குவார்கள். கழுதைமேல் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு, பாம்புக் கூடையோடு ஊர் ஊராகத் திரிந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அல்பிரட்டின் தகப்பன் காலத்தில் பதினாறு குடும்பங்கள் வெருகலுக்குத் தெற்கே ஒரு பற்றைக் காட்டை வெட்டிக் குடியேறின. ஒரு பாதிரியார் வந்து எல்லோருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் கிடைத்தது. காணிக்கு உறுதிப் பத்திரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

அல்பிரட்டின் தாய் கை பார்த்துச் சாத்திரம் சொல்லிப் பிழைத்தவள். கைரேகை சுத்தப் பொய் என்று சொல்ல அறிஞர்கள் தேவையில்லை, அவளே சொல்லுவாள். “உள்ளங்கையில என்னடா கிடக்கு? ஊத்தையும் கொப்புளமும்தான். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு மூஞ்சையைப் பாக்கிறனான்.” ஒரு பெண்ணிடம் “கடலுக்கு அங்கால ஒருத்தர்...” என்று இழுப்பாள். அந்தப் பெண்ணின் கண் எங்கே ஓடுகிறது, தொண்டை எப்போது விழுங்குகிறது என்று பார்த்து மிச்சத்தைச் சொல்லுவாள். பக்கத்தில் இருந்து அதைப் பார்த்த மகனுக்கு, எந்த நடிப்புப் பள்ளியும் சொல்லித் தராத பாடம் அந்தப் பாயிலேயே கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது. பெரியப்பாவின் மகனும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். “வீட்டில என்ன பாஷை கதைக்கிறனீங்கள்?” என்று வாத்தியார் கேட்டார். பெரியப்பாவின் மகன் உண்மையைச் சொன்னான். வகுப்பு சிரித்தது. வாத்தியார் அவனைக் கதவோரம் சாக்கில் இருக்கச் சொன்னார். தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை, அவனே விளங்கிக்கொண்டான். அடுத்தது அல்பிரட்டின் முறை.

“தமிழ், சேர். தமிழ் மட்டுந்தான்.”

அவனுக்கு மற்றப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இடம் கிடைத்தது. பெரியப்பாவின் மகன் மூன்றாம் மாதமே படிப்பை விட்டுவிட்டான். அல்பிரட் பத்தாம் வகுப்பு வரை அந்தப் பொய்யின்மேல் உட்கார்ந்து படித்தான்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தம் அவரை மன்னார்க் கரைவழியாகப் படகேற்றித் தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் கொண்டுபோய் இறக்கியது. அங்கேதான் கலியாணம் செய்தார். மகள் லதுஷா அங்கேதான் பிறந்தாள். பத்தடிக்குப் பத்தடி அறை, மாதத்தில் இரண்டு முறை ஆள் கணக்கெடுப்பு. அன்றைக்கு வரிசையில் இல்லாவிட்டால் குடும்பத்தின் அரிசி நின்றுவிடும். மனிதனை அரிசியால் கட்டிவைக்கிற அந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே, சுவருக்குச் சாயம் பூசுகிற ஒரு குத்தகைக்காரரோடு ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போய் வந்தார்.

பூசிய சுவர் ஒரு படப்பிடிப்புக்கான சிறைச்சாலைச் சுவர். கைதியாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. உதவி இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். கன்னம் ஒட்டிய, கறுத்த, பசித்த முகமொன்று வாளியோடு நின்றது.

“தெலுகு வச்சா?” தெலுங்கு தெரியுமா என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு “ஓம்” என்ற பதில் இலாபமாக இருந்திருக்கும். ஆனால் கேட்டது யார், எங்கே, எதற்கு என்று மூளை யோசிக்கும் முன்பே அல்பிரட்டின் தலை இல்லை என்று ஆடிவிட்டது. முப்பத்தொரு வயது மனிதனின் கழுத்தை அந்த எட்டு வயதுப் பையன் பிடித்து ஆட்டினான்.

“பரவாயில்லை. ஒன்றிலிருந்து எண்ணு.”

எண்ணினார். தமிழில் எண்ணினார். ஐந்தாவது எண்ணில் குரல் உடைந்தது, ஆறில் கண் நிறைந்தது, ஏழில் காவலராக நடித்தவர் தன் வசனத்தை மறந்துபோய் நின்றார். அன்றைக்கே அவருடைய பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதினார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: பாஷை தெரியாது.

அந்தக் குறிப்பு அவரைவிட வேகமாகப் பயணம் செய்தது. ஒவ்வொரு புதிய படத்துக்கும் அவருக்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கும். “எண்ணுகிற சிலோன்காரர்” என்றால் எல்லோருக்கும் தெரியும். கணக்கெடுப்பு நாளுக்கு முதல்நாள் ரயிலேறி முகாமுக்கு ஓடுவார், பெயருக்குக் கை உயர்த்திவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவார். ஒரு படத்தில் கழுத்தறுபட்டுச் செத்தார், ஒன்றில் ஆற்றில் மிதந்தார். செத்து முடிந்த ஒவ்வொரு முறையும் எழுப்பி, கமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லுவார்கள். சிரிக்காவிட்டால் நடித்த சாவு உண்மையாகிவிடுமாம். “முகாமில இருக்கிறவனுக்கு என்ன ஐயா புதுசாச் சாவு வரப்போகுது?” என்று கேட்டுக்கொண்டே சிரிப்பார். தமிழில் கேட்பதால் யாருக்கும் விளங்காது.

ஒரே ஒரு முறை மீற முயன்றார். ஒன்பது வருடம் எண்ணிய பிறகு, ஒரு கிராமத்துத் தகப்பன் வேடத்தில், எண்ணாமல் வசனத்தையே சொன்னார். தன் தாய் பேசிய தெலுங்கில் சொன்னார். தளம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் உறைந்துபோன பேச்சு, பன்றி மேய்க்கிறவன் பேச்சு என்று ஒருவர் சொன்னார். இயக்குநர் நல்ல மனிதர்தான். தோளில் தட்டி, “நீங்க எண்ணுங்க, அதுதான் அழகு” என்றார். இலங்கையில் தெலுங்கு பேசியதற்காக ஒதுக்கினார்கள். தெலுங்கு நாட்டில் அந்தத் தெலுங்கு போதாது என்று ஒதுக்கினார்கள். சாக்கு ஒன்றுதான், கதவுதான் வேறு.

மனைவி முகாமிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். 2018இல் அல்பிரட் மகளோடு திருகோணமலைக்குத் திரும்பி, உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார். லதுஷாவுக்குத் தனியார் நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. தமிழாக்கப்பட்ட தெலுங்குப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த ஊரார் அவரை அடையாளம் கண்டார்கள். சந்தையில் நிறுத்தி, “அந்தச் சுடலை வசனத்தை ஒருக்காச் சொல்லுங்கோ” என்பார்கள். சொன்னால் முகம் சுருங்கும். “சீ, இது அந்தக் குரல் இல்லை!” ஹைதராபாத்துக்குப் போய்த் தெலுங்கு படித்தவர் என்று ஊர் நினைத்தது. அவரும் திருத்தவில்லை.

வெருகலுக்குத் தெற்கே அதே குடியேற்றத்தில் தங்கை மக்டலின் இருந்தாள். வயல் கூலிக்குப் போவாள். வேலையில்லாத மாதங்களில் தாயின் தொழிலைச் செய்வாள். அவர் மகளுக்கும் சொல்லாமல் அவளைப் பார்க்கப் போவார். அவள் நகரத்து வீட்டுக்கு வருவதில்லை. யாரும் பேசி வைக்காத ஒப்பந்தம் அது. தமையனின் படங்களை அவள் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்ப்பாள்.

“உன்ர வாய் அசையுது, உள்ளுக்குள்ள ஆரோ ஒருத்தன் ஒளிச்சிருந்து கதைக்கிறான்” என்பாள். “பேய் பிடிச்சவையைப் பாத்த மாதிரிக் கிடக்கு.”

“பேய் எண்டு ஒண்டும் இல்லை மக்டலின்.”

“ஓம், எனக்குத் தெரியும். அதாலதான் கேக்கிறன். இல்லாத பேய்க்கு ஏன் வாயைக் குடுக்கிறாய்?”

அந்தக் கேள்வி அவருக்குள் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

சென்ற வருடம் ஒரு தெலுங்குப் படக்குழு திருகோணமலைத் துறைமுகத்தில் எடுப்பதற்காக வந்தது. இயக்குநர் ஹாரிகா, முப்பத்திரண்டு வயதுப் பெண், சென்னையில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசினார். கதையில் ஒரு கிழவர் வருகிறார். விசாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து, கப்பல் உடைந்து, இந்தக் கரையிலேயே தங்கிவிட்ட படகோட்டி. நாற்பது வருடம் கழித்து ஒரு இளைஞன் வந்து தெலுங்கில் அவரை விசாரிக்கிறான், கிழவர் பேசுகிறார். ஒரே காட்சி, மூன்று நிமிடம். அதற்கு அல்பிரட்டைக் கேட்டார்கள்.

அவர் மக்டலினிடம் போய்ச் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எண்ணப்போறியோ, கதைக்கப்போறியோ?”

“கதைக்கிறன்.”

“எண்ணினால் எனக்குச் சொல்லியனுப்பாதே. நான் பாக்கமாட்டன். செத்தாலும் பாக்கமாட்டன்.”

அறுபத்தொரு வயது. இன்னொரு முறை இப்படி ஒரு வேடம் வராது என்று அவருக்குத் தெரியும். வீடு திரும்பும் பேருந்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

படப்பிடிப்பு நாள் காலையில், சிறு படகுகள் கட்டுகிற ஒரு இறங்குதுறையில் கமராவுக்கு முன்னால் சூடம் கொளுத்தி, திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். துண்டுகளை யாரும் தொடக்கூடாது, திருஷ்டி ஒட்டிவிடும் என்று ஒருவர் எச்சரித்துக்கொண்டிருக்கும்போதே, திருகோணமலை வீதிகளில் மாடுகளைப்போலத் திரிகிற மான்களில் மூன்று வந்து அதை நிதானமாகத் தின்றன. மான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அல்பிரட் குடையின்கீழ்க் கதிரையில் இருந்தார். கிழிந்த சட்டை, நரைத்த தாடி, கையில் வசனத் தாள். உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்கிற சசிகரன் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். படகு, வான், சாப்பாடு, பின்னால் நிற்கிற சனம் எல்லாம் அவன் பொறுப்பு.

“அல்பிரட் அண்ணை, தேத்தண்ணி காணுமோ? இன்னும் கொண்டரச் சொல்லட்டோ?”

“காணும் தம்பி.”

அப்போது ஒரு வான் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். துறையில் திரிகிற ஏழைச் சனமாக நிற்க ஆட்கள் வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருந்தார்.

“வெருகல் பக்கத்துக் குறவர், அண்ணை” என்று சசிகரன் குனிந்து சொன்னான். “வேசம் போடத் தேவையில்லை பாருங்கோ, அப்பிடியே நிப்பாட்டலாம்.” பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். “ஏய், அங்கால போங்கோ. கதிரையில ஒருத்தரும் இருக்கப்படாது. அந்த வெயிலுக்க நில்லுங்கோ, கூப்பிடேக்க வாங்கோ.”

நான்காவதாக இறங்கியவள் மக்டலின்.

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்ததுபோல முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டு, சொன்ன இடத்தில், கொதிக்கிற சீமெந்துத் தரையில் போய்க் குந்தினாள். அவருடைய வாங்கை அவள் காப்பாற்றிக் கொடுக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

இயக்குநரைப்போலவே தமிழ் பேசுகிற உதவி இயக்குநர் ஓடிவந்தார். கையில் இருந்த பலகைக் கணினியைப் பார்த்துச் சொன்னார். “சார், உங்களுக்கு வழக்கம்போல நம்பர்ஸ்தான். தெலுங்கு தெரியாதுன்னு போட்டிருக்கு. ஐதராபாத்ல ஒருத்தரைக் குரலுக்குப் பேசி வெச்சாச்சு.”

“மற்ற எல்லாரும் இஞ்சையே கதைக்கினம், அதைத்தானே பதியிறீங்கள்?”

“அவங்கல்லாம் தெலுங்கு பேசறவங்க சார்.”

அல்பிரட் கதிரையை விட்டு எழுந்தார். “நான் எண்ணமாட்டன்.”

உதவி இயக்குநர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் இயக்குநரைக் கூப்பிட்டார். ஹாரிகா வந்தார். வெயில் சாய்வதற்குள் எடுக்கவேண்டும், படகு மூன்று மணிவரைதான் நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

“சார், உங்க முகம்தான் எனக்கு வேணும். அதுக்காகத்தான் உங்களைத் தேடிப் பிடிச்சேன்.”

“முகம் குடுத்தாச்சு, பிள்ளை. நூத்திப் பதினாலு தரம் குடுத்தாச்சு. இந்தத் தரம் முகம் தனிய வராது.”

சசிகரன் பதறிப்போனான். “அண்ணை, பிடிவாதம் பிடிக்காதேங்கோ. வேற ஆளைப் போட்டிடுவினம். ஊருக்கு நல்ல பேர் வாற நேரம்.”

“போடட்டும்” என்றார் அல்பிரட். பிறகு வெயிலில் குந்தியிருந்த கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

அவர் கூப்பிட்டது தமிழில் அல்ல. அந்த இறங்குதுறையில் நின்ற அறுபது எழுபது பேருக்கும் கேட்கும்படி, தாய் அடுப்படியில் நின்று கூப்பிட்ட அதே தெலுங்கில், “மக்டலின், எழும்பி இங்கே வா” என்றார்.

அவள் அசையவில்லை. அதே பாஷையில், கடலைப் பார்த்தபடியே சொன்னாள். “உனக்கு விசர் பிடித்துவிட்டதா? உன்னுடைய பிள்ளை இந்த ஊரில் இருக்கவேண்டாமா?”

“இருப்பாள். நிமிர்ந்து இருப்பாள். நீ வா.”

பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சசிகரனின் வாய் பாதி திறந்திருந்தது.

“அண்ணை... உது... உது இவையின்ர கதையெல்லோ? உங்களுக்கெப்பிடி...?”

“நானும் இவையின்ர ஆள்தான். அவ என்ர கூடப்பிறந்த தங்கச்சி. பன்ரெண்டு கதிரை கொண்டு வா தம்பி.”

“அண்ணை, நான் தெரியாமல்...”

“தெரியாமல் ஒண்டும் இல்லை. நான் இவையின்ர ஆள் எண்டது மட்டுந்தான் உனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரிஞ்சுதான் செய்தனி. கதிரையைக் கொண்டு வா.”

கதிரைகள் வந்தன. ஐந்துதான் கிடைத்தன. மற்றவை வரும்வரை அல்பிரட்டும் நின்றார். ஹாரிகாவும் என்ன நினைத்தாரோ, தன் மடிப்புக் கதிரையைத் தூக்கி மக்டலினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

உதவி இயக்குநர் விடவில்லை. “மேடம், கொஞ்சம்தான் புரியுது. இது நம்ம தெலுங்கே இல்லை. தியேட்டர்ல சிரிப்பாங்க.”

அல்பிரட் இந்தப் பேச்சை இருபது வருடத்துக்கு முன்பே கேட்டிருந்தார். பதில் அப்போது வரவில்லை. இத்தனை காலத்தில் அது நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது.

“பிள்ளை, உங்கட கதையில வாற கிழவன் நாப்பது வருசமா இஞ்ச தனியக் கிடந்தவன். பேப்பர் படிக்கேல்லை, தொலைக்காட்சி பாக்கேல்லை. அவன் போன கிழமை ஹைதராபாத்தில இருந்து வந்தவன் மாதிரிக் கதைச்சால் அதுக்கெல்லோ சிரிக்கவேணும்? நீங்கள் தேடுற பாஷை இது. என்ர சனம் அதை இருநூறு வருசமாக் காட்டுக்குள்ள காப்பாத்தி வைச்சிருக்கு. ஒருத்தரும் ஒரு சதம் தரேல்லை, ஒரு வாங்கும் தரேல்லை. இப்ப உங்களுக்குச் சும்மா கிடைக்குது. வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ, நானும் தங்கச்சியும் பஸ் எடுக்கிறம்.”

ஹாரிகா வசனத் தாளை வாங்கி ஒரு முறை பார்த்தார். பிறகு சொன்னார். “இதை உங்க பேச்சுல சொல்லுங்க சார். படகு இஞ்சினை நிறுத்தச் சொல்றேன்.”

“அதுக்கு முதல் ஒரு தாள் வேணும். என்ர குரல் இல்லாமல் இந்தக் காட்சி படத்தில வராது எண்டு எழுதி ஒப்பம் வையுங்கோ.”

தயாரிப்பாளரோடு இருபது நிமிடம் தொலைபேசியில் வாதாடிவிட்டு வந்து, ஹாரிகா எழுதி ஒப்பம் வைத்தார். அல்பிரட் அதை மடித்து மக்டலினிடம் கொடுத்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் விரித்து, மேலும் கீழும் பார்த்து, சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

இஞ்சின் நின்றது. காகங்கள் மட்டும் கேட்டன. கதாநாயகன் படகடிக்கு வந்து, “தாத்தா, நீங்கள் எங்கள் ஊர்க்காரரா?” என்று கேட்டான். அல்பிரட் நிமிர்ந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரியில் கிழவன் உடையவேண்டும். கண் நிறைந்தது, வாய் திறந்தது.

“மூண்டு, நாலு, அஞ்சு...”

கட் என்று யாரோ கத்தினார்கள். அல்பிரட் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருபத்துநான்கு வருடப் பழக்கம். கண்ணீர் வந்தால் எண் வரும், அப்படித்தான் அந்த வாயைப் பழக்கியிருந்தார்கள். இரண்டாம் தடவையும் அதேதான் நடந்தது. இந்த முறை எட்டு வரை போய்விட்டார். உதவி இயக்குநர் தன் கணினியை அர்த்தத்தோடு தட்டினார்.

“கடைக்காரன் மாதிரி எண்ணாதே அண்ணா” என்று மக்டலின் கதிரையிலிருந்து சத்தமாகச் சொன்னாள். வெருகல் சனம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் ஒன்று விளங்கியது. கதாநாயகனின் தெலுங்கு படப்பிடிப்புத் தளத்தின் தெலுங்கு. அது காதில் விழுந்தவுடன் உள்ளே இருக்கிற எண்ணுகிறவன் எழும்பிவிடுகிறான். வீட்டுத் தெலுங்கு கேட்டால் அவனுக்கு வேலை இராது.

“பிள்ளை, அந்தக் கேள்வியை இவ கேக்கட்டும்” என்று ஹாரிகாவிடம் சொன்னார். “கமராவுக்குப் பின்னால நிண்டு கேக்கட்டும். தம்பி வாயை மட்டும் அசைக்கட்டும்.” பிறகு கதாநாயகனைப் பார்த்தார். “குறை நினைக்காதேங்கோ தம்பி. ஒருக்கா நீங்களும் எண்ணிப் பாருங்கோ.”

கதாநாயகனாக நடித்த இளைஞன் நல்ல பிள்ளை. உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். மக்டலின் கமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். எழுதிக் கொடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை. தன் பாட்டுக்கு, வாசலில் நிற்கிற தமையனைக் கேட்பதுபோல, “வந்துவிட்டாயா? சாப்பிட்டாயா?” என்று கேட்டாள்.

அல்பிரட் பேசினார்.

“இந்தப் பாஷையில் ஒருத்தரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டு நாற்பது வருடம்” என்றார். “வாய் மறந்துபோகும் என்று பயந்து, கடலுக்கு நடுவே போய்த் தனியே இருந்து கதைத்தேன். மீனோடு கதைத்தேன். கரைக்கு வந்தால் வாயைக் கட்டிக்கொள்வேன். என்னுடைய பிள்ளைக்குக்கூட ஒரு சொல் சொல்லிக் கொடுக்கவில்லை. வெட்கப்பட்டேன். இப்போது அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது.”

“சாப்பிட்டாயா”வும் தாளில் இல்லை, கடைசி நான்கு வரியும் இல்லை. ஹாரிகா கட் சொன்னார். ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றி, பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று பின்னேரமே செய்தி நகரமெல்லாம் போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரர் கேற்றடியில் நின்று கதைப்பதை நிறுத்தினார். லதுஷாவின் அலுவலகத்தில் ஒருத்தி, “உன்ர அப்பா குறவராமே, உனக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள். “நேற்றுத்தான் தெரியும். ஏன், உனக்குக் கை பாக்கவேணுமோ?” என்று லதுஷா கேட்டுவிட்டு வந்து, வீட்டில் தகப்பனோடு சண்டை பிடித்தாள். குறவர் என்பதற்காக அல்ல. “இருபத்தேழு வருசம் ஏனப்பா எனக்கு ஒரு சொல்லும் சொல்லித் தரேல்லை?” அடுத்த ஞாயிற்றுக்கிழமை அல்பிரட் அவளை அத்தையிடம் பாஷை படிக்க வெருகல் பேருந்தில் ஏற்றினார்.

குரலை மாற்றலாமா என்று தயாரிப்பாளர் தரப்பு இரண்டு முறை தொலைபேசியில் கேட்டது. இரண்டு முறையும் அல்பிரட் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினார், வேறொன்றும் எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்துப் படம் கைத்தொலைபேசிக்கு வந்தது. வெருகல் குடியேற்றத்தில், மக்டலினின் வாசலில், வேப்பமர நிழலில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். லதுஷா தொலைபேசியை ஒரு தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தாள். காட்சி தொடங்கியதும் மக்டலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அத்தை, படத்தைப் பாருங்கோவன்!”

“சும்மா இரு. மூஞ்சையை நூத்திப் பதினாலு தரம் பாத்திட்டன்.”

கடைசி வரி முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னாள். இரண்டாம் முறைதான் கண்ணைத் திறந்து பார்த்தாள். அல்பிரட் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். நூற்றுப் பதினான்கு படத்துக்கும் எந்த விமர்சகருக்கும் காத்திராத மனிதர், இப்போது கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார்.

“ஓம், நீதான்” என்றாள் மக்டலின். “ஆனால் கடலுக்கு அம்மா அந்தச் சொல்லுச் சொல்லமாட்டா. நீ ஹைதராபாத்துச் சொல்லைப் போட்டிட்டாய்.”

அல்பிரட் இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவள் சொன்னது சரி.

“அடுத்த படத்தில திருத்திறன்” என்றார்.

“கேட்டியோ பிள்ளை?” என்று மக்டலின் லதுஷாவின் பக்கம் திரும்பினாள். “நீயாவது சரியாச் சொல்லு பாப்பம். கடலுக்கு என்ன சொல்லுறது?”

லதுஷா சொன்னாள். பிழையாகச் சொன்னாள். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திருத்தினார்கள், வீதியால் போகிறவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில்.